இசைத்தட்டு முதல் இறுவட்டு வரை

மனிதன் கண்ணாற் கண்டதை ஓவியத்திலும், கருத்திற் கொண்டதை எழுத்திலும் பொதிந்துவைக்க மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டான். ஆயின், வாயினின்று எழுந்த ஒலி எழுந்த கணத்திலேயே மறைந்தொழிந்தது. அதனைச் சேமித்து மீளக் கேட்கும் ஆற்றல் கைவந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது. இக்குறுகிய காலத்துள் இல்லங்களிற் புகுந்த ஒலிக்கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழக்கொழிந்தன. அவற்றை எண்ணி ஏங்குவோர் இன்று பலர். அவ்வேக்கம் வெறும் பழமைப்பற்றோ, அன்றி அதனுட் கருதத்தக்கது ஏதும் உண்டோ என்பதை அக்கருவிகளின் வரலாறே உணர்த்தும்.

1877 ஆம் ஆண்டில் அமெரிக்கரான தோமஸ் அல்வா எடிசன், வெள்ளீயத் தகடு சுற்றிய உருளையொன்றில் ஒலியைப் பதிந்து மீள ஒலிக்கச் செய்தார். பத்தாண்டுகளின் பின், 1887 இல், எமில் பேர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத்தைக் கையாண்டார். ஓர் அச்சிலிருந்து பல படிகளை வார்த்தெடுக்கலாம் என்பதே இவ்வட்டத்தின் சிறப்பு. புத்தகத்திற்கு அச்சியந்திரம் செய்ததை ஒலிக்கு இத்தட்டுச் செய்தது. 1898 இல் இலண்டனில் கிராமபோன் கம்பெனி தோன்றியது. 1902 இல் அக்கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவிற்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். இசைத்தட்டுக்களை வார்க்கும் தொழிற்சாலையும் 1908 இல் அந்நகரில் நிறுவப்பெற்றது. தட்டுக்கு வேண்டிய அரக்கோ இந்தியக் காடுகளில் வாழும் சிறு பூச்சியினம் சுரப்பது.

அக்காலத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஒலித்தது. மணிக்கணக்காக விரியும் இராகத்தை வித்துவான்கள் அச்சிமிழுள் அடக்க வேண்டியவராயினர். எனினும், கிராமபோன் கையால் முறுக்கிய வில்லின் விசையால் இயங்கியமையின், மின்சாரம் எட்டாத ஊரிலும் அதன் குரல் எட்டியது. நாடகமேடையிற் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல், தமது 27 ஆவது வயதிற் காலமானார். இலங்கை மேடைகளிலும் பாடிய அவரின் குரலை அவருக்குப் பின் வந்தோர் கேட்டறிவதற்கு அவர் பாடிய இசைத்தட்டுக்களே வழியாயின.

1948 இல் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பொருளாலான நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்திற்கு முப்பத்துமூன்றே கால் முறையினும் சிறிது கூடுதலாகச் சுழன்ற அது, பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்திற்கு மேல் ஒலித்தது. அதன் நுண்ணிய பள்ளத்தைப் பழைய கிராமபோனின் கனத்த உருக்கூசி சிதைத்துவிடும். ஆகவே, புதிய தட்டு வந்தபோதே பழைய கருவியின் முடிவும் உடன்வந்தது. இவ்விதியே பின்னரும் தொடர்ந்தது.

1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை அறிமுகஞ் செய்தது. மெல்லிய நாடாவிற் பூசிய காந்தத் துகள்களே இங்கு ஒலியைத் தாங்கின. இதனால் விளைந்த மாற்றம் பெரிது. அதுவரை கேட்போராக மட்டும் இருந்த வீட்டார் தாமே பதிவாளரும் ஆயினர். குழந்தையின் மழலை, பாட்டியின் தாலாட்டு, கோயில் திருவிழாவின் மேளம் ஆகியன நாடாவில் ஏறின. கடல் கடந்து சென்ற பிள்ளைகளுக்குப் பெற்றோர் கடிதத்திற்குப் பதிலாகக் குரலையே அனுப்பினர். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மின்சாரம் நின்று, பற்றறியும் தடைசெய்யப்பட்ட காலத்தில், மக்கள் துவிச்சக்கர வண்டியின் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலியையும் கசற்றையும் கேட்டனர். கிராமபோனின் கைப்பிடியைச் சுழற்றிய தலைமுறைக்குப்பின் மீண்டும் கைவலியே ஒலிக்கு விலையாயிற்று. அவ்வாறு கேட்ட பாடலை அக்காலத்தவர் மறவாமையில் வியப்பில்லை.

ஒளிநாடாவின் வரலாறும் இத்தகையதே. 1975 இல் சோனியின் பீற்றாமக்ஸும், 1976 இல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். முறையும் சந்தைக்கு வந்தன. முன்னதன் நாடா தொடக்கத்தில் ஒரு மணிநேரமே ஓடியது. பின்னது இரண்டு மணிநேரம் ஓடியமையால் முழுத் திரைப்படமொன்றைக் கொண்டது. 1988 இல் சோனியும் வி.எச்.எஸ். கருவிகளைச் செய்யத் தொடங்கியது. 1982 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த இறுவட்டு, ஒலியை நொடிக்கு 44,100 எண்களாக்கி ஒளிக்கதிரால் வாசித்தது. முடிவில், 2016 இல் பீற்றாமக்ஸ் நாடா வழங்கலும், அதே ஆண்டில் யப்பானின் புனாய் நிறுவனம் செய்துவந்த வி.எச்.எஸ். கருவிகளின் உற்பத்தியும் நின்றன.

இங்கே ஓர் உண்மை தெளிவாகும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அவர் நாடிய ஏடுகள் செல்லரித்தும் சிதைந்தும் இருந்தன. ஆயினும், அவற்றைப் படிக்கக் கண்ணும் கல்வியும் போதுமாயிருந்தன. நாடாவோ அத்தகையதன்று. அது பழுதின்றி இருப்பினும், இயக்குங் கருவி இல்லையேல் ஊமையே. 1860 இற் பிரான்சியரான ஸ்கொட் என்பார் புகைபடிந்த தாளில் ஒரு பாடலின் அதிர்வை வரைந்துவைத்தார்; அதனை ஒலிப்பிக்கும் கருவி அவரிடம் இருக்கவில்லை. அறிஞர் கணினியால் அதனைக் கேட்கச் செய்தது 2008 இல். 148 ஆண்டுகள் அக்குரல் தாளிற் காத்திருந்தது. காந்த நாடா அவ்வளவு பொறுமையுடையதன்று.

பழங்கருவிமீது கொண்ட பற்று மீண்டும் பெருகி வருதல் உண்மையே. 2022 இல் அமெரிக்காவில் வினைல் தட்டுக்கள் எண்ணிக்கையில் இறுவட்டுக்களை விஞ்சி விற்பனையாயின. 1987 இன் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. தட்டைக் கையிலெடுத்து, துடைத்து, ஊசியை வைத்து, பக்கம் முடிய எழுந்து திருப்பிக் கேட்கும் செயலில் இசைக்குரிய மரியாதை அடங்கியுள்ளது. ஒரு கருவியைச் சுற்றிப் பலர் கூடியிருந்து கேட்ட நினைவும் அதனோடு இணைந்தது. ஆகவே, அவ்வேக்கம் இகழத்தக்கதன்று.

எனினும், ஏக்கம் மட்டும் எதனையும் காப்பதில்லை. இசைத்தட்டின் பாடலுக்குப் பல படிகள் உண்டு. ஒன்று உடைந்தாலும் மற்றொன்று எங்கேனும் எஞ்சும். வீட்டாரே பதிந்த நாடாவிற்கோ அது ஒன்றே படி. 2025 இற்குள் எண்முறைக்கு மாற்றப்படாத நாடாக்களிற் பெரும்பாலானவை இழக்கப்படும் என அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015 இல் எச்சரித்தது. அத்தவணை வந்துவிட்டது. இயங்கும் கருவிகளும், அவற்றைத் திருத்த அறிந்த கைகளும் நாளுக்கு நாள் அருகுகின்றன.

அலுமாரியின் அடித்தட்டிற் கிடக்கும் நாடாவில் இன்று உலகில் இல்லாத ஒருவரின் குரல் இருத்தல் கூடும். பேசியவர் யார், பதிந்த ஆண்டு எது என்பதைச் சொல்ல வல்ல முதியோர் உள்ளபோதே அவற்றை எழுதி வைத்தலும், கருவி ஓடும்போதே குரலைப் புதிய சாதனத்திற்கு மாற்றுதலும் வேண்டும். ஏடு தேடி அலைந்தோர் ஒரு தலைமுறையின் பிழையைத் தம் உழைப்பால் ஈடுசெய்தனர். நாடாவைப் பொறுத்தவரை அவ்வாறு ஈடுசெய்யும் வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கு இராது.