அம்மா அப்பா வீட்டு ஹாலில் ஒரு ஸ்டுடியோ

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, வேலையை விட்டுட்டு முழுசா ரெகார்டிங்ல இறங்கிடலாம்னு பாக்கறேன். மைக், மானிட்டர் எல்லாம் என் ரூம்லயே இருக்கு. நீங்கதான் அம்மாகிட்ட பேசணும்." எனக்குச் சட்டென்று பதில் வரல. ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாளும் படித்தது ரூடி வான் கெல்டரைப் பற்றி.

ஜாஸ் ரெக்கார்டுகளைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். 1924-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். படித்தது ஆப்டோமெட்ரி. அதாவது கண்ணில் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற வேலை. சின்ன வயசிலிருந்தே ரேடியோ, ரெகார்டிங் கருவிகள் மேல பைத்தியம்.

1946-ல் அவருடைய பெற்றோர் ஹாக்கன்சாக் என்ற ஊரில் வீடு கட்டினார்கள். ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை வேண்டும், நடுவில் கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்று மகன் கேட்டார். அவர்களும் சம்மதித்தார்கள். அந்தச் சின்ன அறை கன்ட்ரோல் ரூம் ஆனது. பியானோவும் டிரம்ஸும் ஹாலில். கூரை சாதாரண வீட்டைவிடக் கொஞ்சம் உயரம், பக்கத்து அறைகளுக்குப் போகும் வழிகள் வேறு. ஓசை பரவ இடம் கிடைத்தது.

கிளினிக்கில் சம்பாதித்த பணம் கருவிகளுக்குப் போனது. ஜெர்மனியிலிருந்து வந்த நாய்மன் யூ47 மைக்கை அந்த நாட்டில் முதலில் வாங்கியவர்களில் இவரும் ஒருத்தர். ஊதுகிறவர் பக்கத்திலேயே மைக்கை வைப்பது இவருடைய வழக்கம். ஆனா ரொம்ப கிட்ட வைத்தால் அந்த மைக் தாங்காது, ஓசை சிதறும். அதனால் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கொண்டு மைக்கையே மாற்றி அமைத்துக்கொண்டார்.

1950-களின் தொடக்கத்தில் கில் மெலே என்ற சாக்ஸபோன் கலைஞரை அந்த ஹாலில் பதிவு செய்தார். அது ப்ளூ நோட் கம்பெனியின் ஆல்ஃபிரட் லயன் காதுக்குப் போனது. இதே மாதிரி வேணும்னு லயன் தன் வழக்கமான ஸ்டுடியோ என்ஜினியரிடம் கேட்டாராம். என்னால் முடியாது, எடுத்தவரிடமே போங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். தொழில் வாசல் திறந்தது அப்படித்தான். பிறகு பிரெஸ்டீஜ், சவாய் கம்பெனிகளும் வந்தன. 1956-ல் மைல்ஸ் டேவிஸ் குழு அந்த ஹாலில் மே மாதம் ஒரு நாள், அக்டோபரில் ஒரு நாள் வாசித்தது. அந்த இரண்டு நாள் பதிவிலிருந்து நாலு ஆல்பம் வந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான். மைல்ஸ் டேவிஸைப் பதிவு செய்த அந்த வருஷமும் ரூடி கண் பார்க்கிற வேலையை விடவில்லை! கிளினிக் இல்லாத நேரத்தில்தான் ரெகார்டிங். 1959-ல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் 39 அடி உயர மரக்கூரையோடு சொந்த ஸ்டுடியோ கட்டியபோதுதான் அந்த வேலைக்கு முழுக்குப் போட்டார். 1946-லிருந்து கணக்குப் போட்டால் 13 வருஷம். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் பதிவானது அந்தப் புது ஸ்டுடியோவில். 2016-ல் தன் 91-வது வயதில் இறக்கும்வரை ரூடியின் வீடும் அதை ஒட்டியே இருந்தது.

எல்லாவற்றையும் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"13 வருஷமா மாமா?"

"ஆமாடா. உன்கிட்ட இதுவரைக்கும் எத்தனை பேர் காசு கொடுத்து ரெகார்ட் பண்ணியிருக்காங்க?"

"ரெண்டு பேர். ஒருத்தர் பாக்கி இன்னும் தரல."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ரூடிக்குச் சொந்த வீடு, மகனுக்காகச் சுவரை மாற்றிக் கட்டின பெற்றோர். இவனுக்கு வாடகை வீட்டு மாடியில் ஒரு ரூம், ஃபேன் போட்டா மைக்கில் இரைச்சல். ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆள் தேடி வந்த பிறகும் பொறுமையா ரெண்டு வேலையும் பார்த்தாரே, அதை இவனும் செய்யலாம்.

அக்காகிட்ட பேசினேன். வேலையை விடறதைப் பத்தி இல்லை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி நேரம் மிக்ஸி, டிவி எதுவும் ஓடக்கூடாது, அவ்வளவுதான் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மத்தியானமா? சீரியல் ரிப்பீட் வருமே"ன்னா. அப்புறம் சரின்னுட்டா.