சீட்டுக் கழிவும் அட்டைக் கழிவும்

கடனும் வட்டியும் நம்மவர்க்குப் புதியன அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் நிதியை ஊர்ச்சபையினர் கடனாகப் பெற்றபொழுது, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது 12½ விழுக்காடு, வட்டி செலுத்தினர். முதலும் வட்டியும் அனைவரும் அறியக் கல்லில் பொறிக்கப்பட்டன.

கடனோடு கழிவும் தரும் ஏற்பாடு ஏலச்சீட்டு ஆகும். இதனைக் கேரளத்தார் குறி என்பர். பொள்ளாச்சிக்கு மேற்கே, பாலக்காட்டு எல்லையில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் ஊர் கோபாலபுரம். அதனை அடுத்த சித்தூர் நாடு முன்னாளில் கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. அவ்வரசு கொல்லம் ஆண்டு 1107இலேயே குறிகளுக்கெனச் சட்டம் இயற்றியது. எல்லைக்கு இப்பாலுள்ள தமிழகத்தில் 1961இலும், இந்தியா முழுமைக்கும் 1982இலும் சீட்டுச் சட்டங்கள் பிறந்தன.

இருபதுபேர் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் சீட்டொன்றைக் காண்போம். அவசரத் தேவையுடைய ஒருவர் நாலாயிரம் தள்ளி, பதினாறாயிரம் எடுக்கிறார். சீட்டு நடத்துபவர் ஐந்து விழுக்காடாகிய ஆயிரத்தைக் கொள்ள, எஞ்சிய மூவாயிரம் ஆளுக்கு 150 ரூபாய் கழிவாகிறது. எவருடைய இழப்பு எவருக்கு ஆதாயம் என்பது ஏலத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

இன்று வெளிமாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் கையில் கடன் அட்டை உள்ளது. 1980இல் சென்ட்ரல் வங்கி இந்தியாவில் அட்டையை வழங்கியது. அமெரிக்காவில் 1986இல் தோன்றிய டிஸ்கவர் அட்டை, செலவழித்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் வழக்கத்தைப் பரப்பியது. இக்கழிவு, வணிகர் செலுத்தும் கட்டணத்திலிருந்தும், நிலுவை வைப்போர் தரும் வட்டியிலிருந்தும் வருவது. ஆயின் அவர்களை நாம் காண்பதில்லை.

ஆகவே, இரு அட்டைகளை ஒப்பிடுங்கால் கழிவை மட்டும் நோக்குதல் போதாது. பத்தாயிரம் ரூபாய்ச் செலவுக்கு ஒரு விழுக்காடு கழிவு எனில், கிடைப்பது நூறு ரூபாய். அத்தொகையைத் தவணை நாளில் முழுதும் செலுத்தாவிடின், மாதம் 3½ விழுக்காடு வட்டியில் 350 ரூபாயும், அவ்வட்டிக்குப் பதினெட்டு விழுக்காடு வரியாக 63 ரூபாயும் சேரும். குறைந்த அளவுத் தொகையை மட்டும் கட்டினாலும் வட்டியில்லாக் காலச் சலுகை நீங்கிவிடும். பொருள் வாங்கிய நாள் முதலே வட்டி கணக்கிடப்படும்.

ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அட்டை வட்டி முறையற்ற வணிகம் எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. எனவே அவ்வரம்பு இன்று நமக்குக் காவலாக இல்லை, கணக்கறிவே காவல்.

மாதந்தோறும் நிலுவையின்றிச் செலுத்த வல்லார் கழிவு மிகுந்த அட்டையைத் தேடலாம். ஊருக்குப் பணம் அனுப்பியபின் கையிருப்புச் சுருங்குவோர், வட்டி விகிதத்தையும் ஆண்டுக் கட்டணத்தையும் முதலிற் படித்து, கழிவைக் கடைசியிற் படிப்பதே நன்று.