கடலுக்கும் வயலுக்கும் நடுவே

1981 இல் வந்த கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் அது இன்னும் இறுகியது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கட்டுமானத் தடை வலயம்.

விதிவிலக்கும் இருந்தது. 40 வீதத்துக்குக் குறைவாகச் சேதமடைந்த வீட்டைத் திருத்தலாம்; சுற்றுலா ஹோட்டல்களுக்கும் சலுகை. அத்திவாரம் மட்டும் மிஞ்சியவருக்கு ஒன்றுமில்லை.

நமது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கிழக்கே கடல், மேற்கே வயல். 200 மீற்றரை விட்டுக்கொடுத்தால் எங்கே போவது? ஓர் ஆண்டளவில் எல்லை தளர்த்தப்பட்டது. அதுவரை எத்தனையோ குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் கிடந்தன.

பிள்ளைகளுக்குச் சுனாமியின் திகதியைச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த மீற்றர்க் கணக்கையும் சொல்லிக்கொடுப்போம்.