ஈடன் கார்டனில் தொடங்கிய வழக்கு

தொலைக்காட்சிச் செய்தியை நம்ப முடியவில்லை, எதற்குப் பின்னாலும் ஒரு முதலாளியோ ஒரு கட்சியோ இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளாதவர் இன்று குறைவு. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால் ஏதாவது ஒரு தேர்தல் ஆண்டைச் சொல்வார்கள். சொல்பவரின் கட்சிக்கு ஏற்ப ஆண்டு மாறும். என் கணக்கில் அந்த ஆண்டுகள் எல்லாம் பிந்தியவை. இந்தியத் தொலைக்காட்சி யார் கைக்குப் போகும் என்பது 1993க்கும் 1997க்கும் நடுவில் முடிவானது. அந்த முடிவுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், கிரிக்கெட் நிர்வாகிகள். அரசியலை முதல் பக்கத்திலும் ஆட்டத்தைக் கடைசிப் பக்கத்திலும் படித்துப் பழகியவர்கள் நாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

அதற்கு முந்தைய நிலையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒளிபரப்பு அரசின் தனியுரிமை என்பதற்கு ஆதாரமாக இருந்தது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். காங்கிரஸ் கட்சி பிறந்த அதே ஆண்டில் வெள்ளைக்காரர்கள் எழுதிய சட்டத்தின் 4ஆம் பிரிவை வைத்துக்கொண்டுதான் சுதந்திர இந்தியா தொலைக்காட்சியையும் நடத்தியது. சென்னைக்குத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டில் வந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது. 1983இல் டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் எடுத்த 175க்கு ஒளிப்பதிவே கிடையாது. ஒரு ஆட்டத்தைப் படம் பிடிப்பதில் பணம் இருக்கிறது என்று யாருக்கும் பெரிதாகத் தோன்றாத காலம் அது. தன் ஆட்டத்தைக் காட்டச் சொல்லிக் கிரிக்கெட் வாரியமே தூர்தர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

1993 நவம்பரில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவுக்கு ஹீரோ கோப்பை என்ற ஐந்து நாட்டுப் போட்டியை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையைத் தூர்தர்ஷனுக்குக் கொடுக்காமல் டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. அரசு பொறுக்கவில்லை. அனுமதி இழுத்தடிக்கப்பட்டது, கருவிகள் சுங்கத்துறையிடம் சிக்கின, விவகாரம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் ஓடியது. இடைக்கால உத்தரவுகளின் தயவில்தான் படம் வெளியே வந்தது. அந்தத் தொடரின் அரையிறுதியில், நவம்பர் 24 அன்று ஈடன் கார்டன் விளக்கொளியில், தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 6 ரன் தேவை. அசாருதீன் பந்தை டெண்டுல்கரிடம் கொடுத்தார். 3 ரன்தான் போனது. இந்தியா 2 ரன்னில் வென்றது. இறுதிப் போட்டியில் கும்ப்ளே 12 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்ததும் கிரிக்கெட் ரசிகர்களுக்கு மனப்பாடம். அந்தப் படங்களுக்குப் பின்னால் ஓடிய வழக்கு மட்டும் மறந்துபோனது. என்னைக் கேட்டால், அந்தத் தொடரில் மிச்சமான பெரிய விஷயம் அதுதான்.

1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி. அலைவரிசை பொதுச் சொத்து; தகவலைப் பெறுவதும் பரப்புவதும் குடிமக்களின் கருத்துரிமையில் அடங்கும்; ஆகவே அரசு மட்டுமே ஒளிபரப்பலாம் என்ற தனியுரிமை செல்லாது. தீர்ப்பின் இந்தப் பாதி எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதோடு அது நிற்கவில்லை. பொதுச் சொத்தை மேற்பார்க்க அரசின் பிடிக்கு வெளியே, எல்லாத் தரப்புக்கும் இடமுள்ள ஒரு பொது அமைப்பை உருவாக்கச் சொன்னது. ஜீவன் ரெட்டி தனியாக எழுதிய பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போனார்: அரசின் ஏகபோகத்தை உடைத்துவிட்டு அந்த இடத்தில் பணம் படைத்தவர்களின் ஏகபோகத்தை உட்காரவைத்தால் கருத்துரிமைக்கு அதே அளவு, ஏன், அதைவிட அதிகமான ஆபத்து வரலாம் என்பது அவர் வாதம். தீர்ப்பைத் தங்கள் விடுதலைப் பத்திரமாகக் கொண்டாடியவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

அந்த இரண்டாம் பாதியைச் சட்டமாக்கும் முயற்சி ஒன்று நடக்கத்தான் செய்தது. 1997 மே மாதம் மக்களவையில் ஒளிபரப்பு மசோதா வந்தது. பத்திரிகை நடத்துபவர் தொலைக்காட்சியில் எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு, கட்சிகளுக்கும் மத அமைப்புகளுக்கும் உரிமம் இல்லை, எல்லாவற்றையும் கவனிக்க ஒரு தன்னாட்சி ஆணையம் என்று அதில் விஷயம் இருந்தது. கூட்டுக் குழுவுக்குப் போனது. டிசம்பரில் மக்களவை கலைந்ததும் மசோதாவும் செத்தது. பின்னால் வந்த எந்த ஆட்சியும் அதை அப்படியே உயிர்ப்பிக்கவில்லை. 1990இலேயே நிறைவேறித் தூங்கிக்கொண்டிருந்த பிரசார் பாரதி சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது பார்த்துக்கொண்டது தூர்தர்ஷனையும் வானொலியையும் மட்டும்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2014 ஆகஸ்டிலும் ஏறக்குறைய அதே பரிந்துரைகளை எழுதிக் கொடுத்தது. அவையும் அலமாரியில்தான் இருக்கின்றன.

மசோதா ஏன் யாருக்கும் வேண்டாததாக ஆனது என்பதற்குத் தமிழ்நாட்டைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது, ஹீரோ கோப்பைக்கு ஏழு மாதம் முன்பே. இந்தியாவிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏற்றத் தனியாருக்கு அனுமதி இல்லாத நாட்கள். வெளிநாட்டிலிருந்து ஏற்றி, தெருக் கம்பத்தில் கட்டிய கேபிள் வழியாக வீட்டுக்குள் இறக்கிய காலம். 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன் என்று அணிவகுத்தன. கட்சிக்கு ஒரு கொடி, ஒரு சின்னம், ஒரு சேனல் என்றானது. நிகழ்ச்சியைத் தயாரிப்பதும் அதை வீட்டுக்குக் கொண்டுவரும் சுமங்கலி கேபிளும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. அந்தக் குடும்பத்துக்குள்ளேயே 2007இல் விரிசல் விழுந்தபோது அரசு கேபிள் பிறந்தது. சமாதானம் ஆனதும் படுத்தது. 2011இல் ஆட்சி மாறியதும் எழுந்து உட்கார்ந்தது. ஒளிபரப்புக் கொள்கை என்று தனியாக ஒன்று எதற்கு?

இங்கே ஒரு மறுப்பு எழும், அதில் நியாயமும் உண்டு. கட்சி சேனல் என்பது ஊரறிந்த விஷயம், ஏமாற ஒன்றுமில்லை, தமிழ்ப் பார்வையாளர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பி, இதில் பாதியைக் கழித்து அதில் பாதியைக் கூட்டி, உண்மையைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வார் என்பார்கள். இதை நான் ஏற்கிறேன். சொல்லப்போனால், நடுநிலை வேடம் கட்டிய தேசிய சேனல்களைவிட இங்கே நேர்மை கொஞ்சம் கூடுதல். ஆனால் இந்தக் கழித்தல் கணக்கு சரியாக வர இரண்டு விஷயங்கள் வேண்டும்: உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும், எதிராளியிடமும் ஒரு சேனல் இருக்க வேண்டும். பத்திரிகைகளுக்காவது 1956ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வழக்கம் இருந்தது: ஒவ்வொரு மார்ச்சிலும் நான்காம் படிவம் என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர், நாட்டினம், முகவரி, கடைசியில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்களின் பட்டியல். யாரும் படிக்காத எழுத்தளவில்தான் அச்சிடுவார்கள். ஆனாலும் தேடினால் கிடைக்கும். தொலைக்காட்சித் திரைக்கு அந்த வழக்கம் வரவேயில்லை.

இரண்டாவது விஷயம், அதாவது எதிராளி, கிரிக்கெட்டில் எப்படி மறைந்துபோனார் என்று பார்க்கலாம். 1977இல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் உரிமை கேட்டுக் கிடைக்காமல், வீரர்களையே விலைக்கு வாங்கித் தனித் தொடர் நடத்தினார். இரண்டே ஆண்டில் வாரியம் இறங்கிவந்து அவருடைய சேனல் நைனுக்கே உரிமையைக் கொடுத்தது. இந்தியாவில் அதே ஆட்டத்தை ஆடிப் பார்த்தவர் ஜீ நிறுவனத்தின் சுபாஷ் சந்திரா. 2004இல் அவர் போட்ட ஏலக் கேட்பு வழக்காகி, கிரிக்கெட் வாரியம் அரசியல் சாசனப்படி அரசு அமைப்பு அல்ல என்று 2005இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சொன்னது. 2007இல் அவர் இந்தியன் கிரிக்கெட் லீக்கைத் தொடங்கினார். முதல் இருபது ஓவர் கோப்பையைச் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் வென்றது. இந்தப் பெயரே பலருக்கு இன்று நினைவிருக்காது. அங்கே ஆடியவர்களை வாரியம் தடை செய்தது, மைதானங்களை மறுத்தது, 2008இல் ஐபிஎல்லை இறக்கியது. பேக்கருக்குப் பணிந்த வாரியத்தைப் போல் நம் வாரியம் பணியவில்லை. அரசு அமைப்பும் இல்லை, போட்டியாளரும் இல்லை என்றால் யாருக்குப் பணிய வேண்டும்?

அதன்பிறகு உரிமையாளர், நிர்வாகி, ஒளிபரப்பாளர் என்ற மூன்று நாற்காலிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. வாரியப் பொறுப்பில் இருப்பவர்கள் அதன் போட்டிகளில் வணிக நலன் வைத்திருக்கக் கூடாது என்பது 6.2.4 என்ற விதி. வாரியத்தின் பொருளாளராக இருந்த என். சீனிவாசனின் இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணியை வாங்கிய 2008ஆம் ஆண்டிலேயே, ஐபிஎல்லுக்கு அந்த விதி பொருந்தாது என்று திருத்தினார்கள். 2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் டி.எஸ். தாக்கூரும் எஃப்.எம்.ஐ. கலிஃபுல்லாவும் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றார்கள். அரசு அமைப்பு இல்லாவிட்டாலும் வாரியம் செய்வது பொதுக் காரியம் என்றார்கள். சரியான தீர்ப்பு. ஆனால் அது தொட்டது நிர்வாகிகளை மட்டும். ஒளிபரப்பு முதலாளியே அணியையும் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியை யாரும் நீதிமன்றம் கொண்டுபோகவில்லை. சன் குழுமம் 2012இல் ஹைதராபாத் அணியை வாங்கியது. 2008 முதல் மும்பை அணியை வைத்திருக்கும் ரிலையன்ஸ் 2014இல் நெட்வொர்க் 18 செய்திக் குழுமத்தை எடுத்துக்கொண்டது. நியூஸ் 18 தமிழ்நாடு அந்தக் குழுமத்தில்தான் இருக்கிறது.

இதனால் ஆட்டத்துக்கு என்ன கெட்டது, ரசிகனுக்கு எத்தனை கோணத்தில் எத்தனை துல்லியமான படம் கிடைக்கிறது, தமிழிலேயே முழு நேர சேனல் வந்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மை. வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு ஆட்டத்தைக் கற்பனை செய்துகொண்ட தலைமுறைக்கு 2017இல் வந்த ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சின்ன விஷயமல்ல. தூர்தர்ஷன் பொற்காலம் என்று கண்ணைக் கசக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் படம் தெளிவானபோது பேச்சு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2013இல் இயன் சாப்பல் இந்தியத் தொடர் ஒன்றுக்கு வர்ணனை செய்ய மறுத்தார். நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யும் முறை, அணித் தேர்வு, வாரிய நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம். கட்சி சேனலில் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார்கள் என்றால் கேட்பவர் கழித்துக்கொள்ளலாம். பேசவே படாததை எதிலிருந்து கழிப்பது?

பார்வையாளரின் பங்கு என்று சட்டம் ஏதாவது கொடுத்திருக்கிறதா என்றால், 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையை வைத்திருந்த நிம்பஸ் நிறுவனத்தோடு வந்த தகராறில் அவசரமாகப் பிறந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும், தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25. 2017இல் உச்ச நீதிமன்றம், அந்தப் படத்தைத் தூர்தர்ஷன் தன் கோபுரங்கள் வழியாகவும் இலவச டிஷ் வழியாகவும்தான் காட்டலாம், கேபிள்காரர்களுக்குக் கொடுக்க முடியாது என்று கோடு கிழித்தது. பொதுச் சொத்தில் பொதுமக்களுக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

இணையம் வந்துவிட்டது, கைபேசி வைத்திருப்பவர் எல்லாம் சேனல் நடத்துகிறார், இன்னும் உரிமையாளர் கதை எதற்கு என்பது கடைசி மறுப்பு. கருத்தைப் பொறுத்தவரை இது பாதி சரி. யூடியூபில் அரசியல் பேச யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கிரிக்கெட்டைப் பேசலாமே ஒழிய அரை நிமிடக் காட்சியைக் காட்டினால் பதிவு காணாமல் போய்விடும். காட்சி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கூட்டம் இருக்கிறது, கூட்டத்திடம்தான் விளம்பரம், விளம்பரப் பணத்தில்தான் செய்தி அறையும் நடக்கிறது. 2023 முதல் 2027 வரைக்குமான ஐபிஎல் உரிமைகள் 2022 ஏலத்தில் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. தொலைக்காட்சி உரிமையை ஸ்டார் எடுத்தது, இணைய உரிமையை ரிலையன்ஸின் வயாகாம் 18 எடுத்தது. 2024 நவம்பரில் இரண்டும் இணைந்தன. போட்டி ஆணையம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. ரிலையன்ஸ் தரப்புக்குப் பங்கு 63 சதவீதத்துக்குச் சற்று மேல், மிச்சம் டிஸ்னிக்கு. ஆக, ஆடுகிற அணிகளில் ஒன்று, அந்த ஆட்டத்தைக் காட்டும் திரை, மறுநாள் காலை அதைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் விவாதிக்கும் செய்தி சேனல், எல்லாவற்றையும் சுமந்து வரும் கைபேசி இணைப்பு, நான்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 1997 மசோதாவில் இருந்தது போன்ற ஒரு வரம்பு இதற்கெல்லாம் இன்றுவரை சட்டத்தில் இல்லை. ஐபிஎல் ஒப்பந்தம் 2027 ஆட்டங்களோடு முடிகிறது. அடுத்த ஏலம் வரும்போது, 2022இல் இந்திய உரிமைகளைப் பங்கிட்டு வென்ற இரண்டு தரப்பும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.