லிக்னம் விட்டே

லிக்னம் விட்டே என்பது குவாயாக்கம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மரங்களிலிருந்து பெறப்படும், மிகுந்த அடர்த்தியும் பிசினும் கொண்ட வன்மரம் ஆகும். இலத்தீன் மொழியில் இப்பெயர் "உயிர் மரம்" எனப் பொருள்படும். வணிகத்துக்கு வந்த மரங்களுள் மிகவும் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று. நீரில் இட்டால் மூழ்கிவிடும். கப்பல்களின் தாங்கிகள் முதல் புல்வெளிப் பந்துகள் வரை பல பொருட்கள் இம்மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் (லேத்) சுழலவிட்டு உளியால் கடைந்து செய்யப்பட்டன. இதே பெயரில் வேறு சில மரங்களும் விற்கப்படுகின்றன. ஆகவே கடைசல் வேலையில் உளியைத் தொடுவதற்கு முன்னரே மரத்தைச் சரியாக அடையாளம் காண வேண்டியுள்ளது.

மரமும் பரம்பலும்

குவாயாக்கம் அஃபிசினாலே, குவாயாக்கம் சாங்டம் ஆகிய இரண்டு இனங்களே வரலாற்றில் முதன்மையானவை. முதலாவது கரிபியன் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வட கரையிலும் வளர்கின்றது. இரண்டாவது பகாமாசு, புளோரிடாவின் தென்முனைத் தீவுகள், மெக்சிக்கோ, நடு அமெரிக்கா ஆகிய இடங்களில் காணப்படுகின்றது. முன்னதன் நீல நிறப் பூ யமேக்காவின் தேசிய மலராகும்; பின்னது பகாமாசின் தேசிய மரமாகும்.

இவை மிக மெதுவாக வளரும் சிறிய மரங்கள். பொதுவாக 10 மீட்டர் உயரத்தை ஒட்டியே வளர்வதால் பெரிய அளவுப் பலகைகள் கிடைப்பது அரிது. இம்மரம் சைகோபில்லேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் நாட்டிலும் இலங்கையிலும் தரையில் படர்ந்து காலில் குத்தும் நெருஞ்சியும் இதே குடும்பம்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

அடர்த்தியும் பிசினும்

உலர்ந்த லிக்னம் விட்டேயின் அடர்த்தி சராசரியாகக் கன மீட்டருக்கு 1,260 கிலோகிராம். தேக்கின் அடர்த்தி ஏறத்தாழ 650 கிலோகிராம் மட்டுமே. மரங்களின் கடினத்தன்மையை அளக்க ஜான்கா சோதனை பயன்படுகின்றது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றைப் பாதியளவு மரத்துள் புதைக்கத் தேவைப்படும் விசையே இதன் அளவு. லிக்னம் விட்டேக்கு இது ஏறத்தாழ 19,500 நியூட்டன். தேக்குக்கு ஏறத்தாழ 4,700 நியூட்டன். அதாவது நான்கு மடங்கு.

ஆயினும் இம்மரத்தின் தனித்தன்மை கடினத்தில் அன்று, பிசினில் உள்ளது. உள்மரத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை பிசினாக இருக்கக்கூடும். மரம் மெழுகு பூசியதுபோல் கைக்கு வழுவழுப்பாக இருப்பதும், நீரில் நெடுங்காலம் கிடந்தும் கெடாதிருப்பதும், எண்ணெய் இடாமலே உராய்வைத் தாங்குவதும் இப்பிசினால்தான். ஒட்டுப்பசை பிடிக்காததும், உப்புத்தாள் அடைத்துக்கொள்வதும் அதே பிசினால்தான்.

குவாயாக்கப் பிசின் ஆக்சிசனேற்றம் அடைந்தால் நீல நிறமாகும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உள்ளதா என அறியும் மருத்துவச் சோதனை இப்பண்பைப் பயன்படுத்துகின்றது. பிசின் ஊட்டிய தாளில் மாதிரியைத் தடவி ஐதரசன் பெரொக்சைடை இட்டால், இரத்தம் இருப்பின் தாள் நீலமாகும்.

அடையாளம் காணல்

புதிதாக வெட்டிய உள்மரம் பழுப்பு கலந்த மஞ்சள் அல்லது இளம் பச்சை நிறமாக இருக்கும். காற்றும் ஒளியும் பட்டபின் கரும்பச்சையாகவும், சில துண்டுகளில் ஏறத்தாழக் கருமையாகவும் மாறும். வெளிமரம் மெல்லிய வெளிர்மஞ்சள் பட்டையாகத் தெளிவாகப் பிரிந்து தெரியும். இழைகள் ஒரு திசையில் ஓடாமல் அடுக்குக்கு அடுக்கு எதிர்த் திசைகளில் பின்னிக் கிடக்கும். இதனால் இம்மரத்தைக் கோடரியால் பிளப்பது கடினம். சூடேறும்போது மெல்லிய நறுமணம் எழும்.

மூழ்கும் சோதனையைப் பலரும் முதலில் செய்கின்றனர். எளிமையானதாயினும் இது அதிகம் உதவாது. கருங்காலி உட்படப் பல மரங்கள் நீரில் மூழ்குவன. மிதந்தால் அது லிக்னம் விட்டே அன்று எனலாம். மூழ்குவதால் மட்டும் அது லிக்னம் விட்டே ஆகிவிடாது.

குழப்பம் பெரும்பாலும் "அர்ச்சென்டைன் லிக்னம் விட்டே" என்ற வணிகப் பெயரால் ஏற்படுகின்றது. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் வேரா மரமும், பராகுவே, அர்ச்சென்டீனா, பொலிவியா நாடுகளில் பாலோ சான்டோ எனப்படும் மரமும் இப்பெயரில் விற்கப்படுகின்றன. இவை நெடுங்காலம் புல்னேசியா பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. இப்போது கோனொப்டெரோடென்ட்ரொன் என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. குடும்பம் ஒன்றே என்பதால் நிறம், எண்ணெய்ப்பசை, எடை எல்லாமே ஒத்திருக்கும். வேரா மரத்தின் அடர்த்தியும் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,190 கிலோகிராம். வாசனைப் பொருட்களில் சேரும் "குவாயாக்க மர எண்ணெய்" கூட உண்மையில் பாலோ சான்டோவிலிருந்தே வடிக்கப்படுகின்றது!

இவற்றைப் பிரித்தறியக் குறுக்கு வெட்டு முகத்தைப் பார்ப்பதே நம்பத்தக்க வழியாகும். கூரிய கத்தியால் அம்முகத்தை வழவழப்பாகச் சீவி, 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் நோக்க வேண்டும். குவாயாக்கத்தில் நுண்துளைகள் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். வேரா மரத்தில் அவை சாய்வாகவும் அலைபோலவும் வரிசைகளாக அமைந்திருக்கும். பலகையின் முகத்தில் இறகு போன்ற கோலம் தெரிவதும் இவ்வரிசைகளாலேயே.

வேதியியல் சோதனையும் உண்டு. சிறிது மரத்தூளை ஆல்ககோலில் ஊறவைத்து, மின்சுற்றுப் பலகைகளை அரிக்கப் பயன்படும் பெரிக் குளோரைடுக் கரைசலில் ஒரு துளி சேர்த்தால், குவாயாக்கப் பிசின் நீல நிறம் காட்டும். இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்வது நல்லது.

கடைதல்

முதலில் கவனிக்க வேண்டியது எடை. 25 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. தடிப்பும் கொண்ட வட்டத்துண்டு ஏறத்தாழ 6 கிலோகிராம் நிறைகொள்ளும். அதே அளவு தேக்கு 3 கிலோகிராமைச் சற்றே தாண்டும். வட்டம் சீராகாத நிலையில் இவ்வளவு எடையை வேகமாகச் சுழற்றினால் இயந்திரமே அதிரும். எனவே குறைந்த வேகத்தில் தொடங்கி, துண்டு சமநிலைக்கு வந்த பின்னரே வேகம் கூட்டப்படுகின்றது.

துண்டை இயந்திரத்தில் பொருத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. கிண்ணம் கடைவோர் வேறு ஒரு மரக்கட்டையை அடியில் ஒட்டி, அக்கட்டையைச் சக்கில் பிடிப்பது வழக்கம். எண்ணெய்ப் பிசின் மிகுந்த இம்மரத்தில் அவ்வொட்டு சுழற்சியின் நடுவே விட்டுப்போகலாம். 6 கிலோகிராம் துண்டு பறந்து வருவது சிறு விபத்து அன்று. துண்டிலேயே ஒரு குமிழைக் கடைந்து அதைச் சக்கின் தாடைகளால் பிடிப்பதும், மறுமுனையை வால்முனையால் தாங்குவதும் பாதுகாப்பானவை. ஒட்டியே ஆகவேண்டுமெனின், ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, அடியிலிருந்து பிசின் மீண்டும் கசிந்து வருமுன் எப்பொக்சிப் பசையால் ஒட்ட வேண்டும்.

கடினமான மரமாயினும் கூரான உளிக்கு இது நன்கு இணங்கும். அதிவேக எஃகால் ஆன உளிகள் போதுமானவை, ஆனால் அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். இழைகள் எதிரெதிராக ஓடுவதால் ஆழமாக வெட்டினால் ஓர் அடுக்கு சீராக வர, அடுத்த அடுக்கு பிய்ந்து வரும். மெல்லிய வெட்டுகளே ஏற்றவை. இறுதியில் சுரண்டு உளியால் சீர்செய்தால் பரப்பு கண்ணாடிபோல் அமையும். மென்மரங்களில் இழைகளைக் கிழிக்கும் இந்த உளி இங்கு மிகச் சிறப்பாக வேலை செய்கின்றது. திருகுப் புரிகளையும் இம்மரம் உடையாமல் ஏற்கும். மூடியுடன் கூடிய சிமிழ்களுக்கு இது பெரிய வசதி.

அடுத்த எதிரி வெப்பம். வேகமாகச் சுழலும் துண்டில் உப்புத்தாளை அழுத்திப் பிடித்தால் பிசின் உருகித் தாளை அடைத்துவிடும். அடைத்த தாள் மரத்தை அரிக்காமல் சூடாக்க மட்டுமே செய்யும். அதனால் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். கடைந்து முடித்த பொருள் இவ்வாறு கடைசிக் கட்டத்தில் வீணாவது உண்டு. துளையிடும்போதும் துளைப்பானை அடிக்கடி வெளியே எடுத்து ஆறவிட வேண்டும். குறைந்த வேகம், இலேசான அழுத்தம், புதிய தாள் ஆகிய மூன்றும் இங்கு சிக்கனமே.

மெருகுப் பூச்சு தேவைப்படாது. துணியால் தேய்த்தாலே பிசின் பளபளப்பைத் தரும். ஆளி விதை எண்ணெய் போன்று காற்றில் உலரும் எண்ணெய்களைப் பூசினால் அவை நாட்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கலாம். எண்ணெய் உலர்வதற்கு ஆக்சிசனேற்றம் தேவை. குவாயாக்கப் பிசினோ கொழுப்புகள் காறிப்போவதைத் தடுக்க உணவில் சேர்க்கப்படும் ஆக்சிசனேற்றத் தடுப்பியாகும்.

மரத்தூள் தும்மலையும் தோல் அரிப்பையும் ஏற்படுத்தக்கூடும் என்பதால் முகமூடி அணிய வேண்டும். பச்சை மரத்தின் முனைகளில் மெழுகு பூசி மெதுவாக உலர விடாவிடில் அம்முனைகள் வெடிக்கும்.

பயன்பாட்டு வரலாறு

16 ஆம் நூற்றாண்டில் இம்மரம் ஐரோப்பாவில் மேகப்புண் நோய்க்கு மருந்தாகக் கருதப்பட்டது. அந்நோயுற்றிருந்த செருமானிய அறிஞர் உல்ரிக் பொன் உட்டன் இம்மருந்தைப் புகழ்ந்து 1519 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். ஆனால் 1523 இல் அவர் இறந்தார். பின்னர் இம்மரம் கடைசல்காரர்களிடம் சேர்ந்தது. 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விருந்துகளுக்கான பெருங்கிண்ணங்கள் இதில் கடையப்பட்டன. கப்பிச் சக்கரங்கள், மரச்சுத்தியல்கள், மருந்து இடிக்கும் சிற்றுரல்கள் ஆகியனவும் செய்யப்பட்டன. கடிகாரத் தச்சர் ஜோன் அரிசன் 1722 ஆம் ஆண்டளவில் பிராக்கில்சுபி மாளிகைக்குச் செய்த கோபுர மணிக்கூட்டில், உராயும் பகுதிகளுக்கு இம்மரத்தைப் பயன்படுத்தி எண்ணெய் இடும் தேவையையே நீக்கினார்.

நீராவிக் கப்பல்களின் சுழலித் தண்டுகள் உலோகத் தாங்கிகளை விரைவில் தேய்த்தன. ஜோன் பென் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1854 ஆம் ஆண்டில் இம்மரத்தாலான, கடல்நீரே மசகாகும் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1954 இல் நீரில் இறக்கப்பட்ட உலகின் முதல் அணுவாற்றல் நீர்மூழ்கியான நாட்டிலசிலும் இம்மரத் தாங்கிகள் இருந்தன.

வணிகக் கட்டுப்பாடு

நூற்றாண்டுகள் நீடித்த வெட்டுதலால் இம்மரங்கள் பல தீவுகளில் அருகிவிட்டன. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் குவாயாக்கம் சாங்டம் 1975 இலும், அஃபிசினாலே 1992 இலும், பேரினம் முழுவதும் 2003 இலும் சேர்க்கப்பட்டன. பாலோ சான்டோவும் 2010 இல் அதே பின்னிணைப்பில் இடம்பெற்றது. இது முழுத் தடை அன்று. ஏற்றுமதிக்கு உரிய நாட்டின் அனுமதிப் பத்திரம் தேவை. எந்த மரம் எனத் தெரியாமல் கட்டையை எல்லை கடத்துபவர் எந்தப் பத்திரம் வேண்டும் என்பதையும் அறியமாட்டார்.

இதனால் கடைசல்காரர் பலர் பழைய பொருட்களையே நாடுகின்றனர். கழற்றப்பட்ட கப்பல் தாங்கிகளும், பழைய புல்வெளிப் பந்துகளும் நன்கு உலர்ந்த மரத்தைத் தருவன. பிற்காலப் பந்துகள் இரப்பரிலும் நெகிழியிலும் செய்யப்பட்டவை. கரும் பூச்சை ஓரிடத்தில் சுரண்டி, பச்சை நிறமும் இழையும் தெரிகின்றனவா எனப் பார்த்தபின் அவற்றை வாங்கலாம்.