அம்பேத்கரின் கல்விக் கொள்கைப் பணிகள்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் (1891–1956) தம் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்தவராகப் பரவலாக அறியப்படும் அவர், 1920களிலிருந்தே ஒடுக்கப்பட்டோரின் கல்விக்காகச் சட்டமன்றத்திலும் அரசாங்கத்திலும் பணியாற்றினார். தமக்குப் புரவலர்களின் தயவால் கிடைத்த கல்வியை, பிறருக்கு அரசின் பொறுப்பாக மாற்றுவதே அப்பணிகளின் பொதுநோக்கம்.

கல்வியும் உதவித்தொகையும்

அம்பேத்கர் மகர் சமூகத்தில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். இராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். பள்ளியில் மற்ற மாணவர்களோடு சேர்ந்து அமரவோ, தண்ணீர்க் குழாயைத் தொடவோ அம்பேத்கருக்கு அனுமதி இல்லை. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் வழங்க, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913இல் மன்னரின் உதவியுடன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். படிப்பு முடிந்தபின் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1916இல் லண்டன் சென்று மேற்படிப்பைத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் அதைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் உயர்பதவி கிடைத்தும் தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. 1920இல் மீண்டும் லண்டன் சென்று படிப்பை முடித்தார்.

சட்டமன்றப் பணி

அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தியது. பின்னர் பம்பாய் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார்.

1927 மார்ச்சில் கல்வி மானியம் குறித்துப் பேசியபோது, தொடக்கப் பள்ளியில் சேரும் 100 குழந்தைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுவதாகச் சுட்டிக்காட்டினார். மற்றவர்கள் மீண்டும் எழுத்தறியாதவர்கள் ஆகின்றனர் என்றார். மதுவரியாக மக்களிடம் வாங்கும் அளவுக்காவது அரசு அவர்களின் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று வாதிட்டார்.

உதவித்தொகைத் திட்டம்

1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் மனு அளித்தார். உயர்கல்விக்கும் வெளிநாட்டுக் கல்விக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது. ஒரு மன்னரின் விருப்பத்தைச் சார்ந்திருந்த உதவி, இதன்மூலம் அரசின் திட்டமாயிற்று. அத்திட்டம் மாற்றங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியையும், 1950இல் ஔரங்காபாத்தில் பின்னர் மிலிந்த் எனப் பெயர்பெற்ற கல்லூரியையும் தொடங்கியது. எல்லாச் சாதியினரும் இவற்றில் சேர்க்கப்பட்டனர்.

அரசியலமைப்பில் கல்வி

1948 நவம்பர் 23 அன்று இலவசக் கட்டாயக் கல்வி பற்றிய பிரிவு அரசியலமைப்பு அவையில் விவாதிக்கப்பட்டது. 'கல்வி' என்பதைத் 'தொடக்கக் கல்வி' எனச் சுருக்கும் திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. 14 வயதுக்குட்பட்டோரை ஆபத்தான வேலைகளில் அமர்த்தக் கூடாது என்று வேறொரு பிரிவு கூறுவதால், அந்த வயதுவரை அவர்கள் கல்வி நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது அவரது விளக்கம். தொடக்கக் கல்வி ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்ற தொடரை நீக்க மட்டும் இசைந்தார். இப்பிரிவு வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றதால், அதை நீதிமன்றத்தின் வழியாக நிலைநாட்ட முடியவில்லை.

1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை கல்லூரிச் சேர்க்கைக்குச் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை மாகாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர், நாடாளுமன்றத்தில் முதலாவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதரித்துப் பேசினார். அத்திருத்தம் சேர்த்த 15(4) பிரிவே கல்வி நிலைய இடஒதுக்கீட்டுக்கு அடிப்படையாயிற்று.

பத்து ஆண்டுகளில் நிறைவேற்ற முயல வேண்டும் என்று 1950இல் குறிக்கப்பட்ட கட்டாயக் கல்வி, அம்பேத்கர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் 6 முதல் 14 வயதினரின் அடிப்படை உரிமையானது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1948இல் சுருக்காமல் விடப்பட்ட 14 என்ற வயது வரம்பே அதிலும் இடம்பெற்றது.