இஷியின் வில்லும் ஒரு டாக்டரின் மான் வேட்டையும்

அமெரிக்காவில் இன்றும் லட்சக்கணக்கான பேர் வில், அம்போடு மான் வேட்டைக்குப் போகிறார்கள். (நம்மூரில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டால் ஜெயில்தான். அங்கே லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை எல்லாம் வகுத்து அனுமதிக்கிறார்கள்.) கப்பி வைத்த நவீன வில் கடைகளில் கிடைத்தும், வெறும் மரவில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற கூட்டம் ஒன்று அவர்களுக்குள் இருக்கிறது. இந்தப் பிடிவாதத்தின் வேரைத் தேடிப் போனால், கலிபோர்னியாவில் ஒரு மியூசியத்தில் துடைப்பம் பிடித்து வேலை பார்த்த ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அவர் பெயர் இஷி.

1911 ஆகஸ்ட் கடைசியில், ஓரோவில் என்ற ஊரில் இறைச்சிக்கூடம் ஒன்றின் தொழுவத்தில், பசியால் ஒடுங்கிப்போய் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கலாம். துக்கத்துக்காகத் தலைமுடியைத் தீயால் பொசுக்கியிருந்தார். அவர் பேசிய மொழி அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஷெரீப் அவரை ஜெயிலில் வைத்தார். செய்தி கேட்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வாட்டர்மேன் என்ற மானிடவியலாளர் ஒரு சொற்பட்டியலோடு வந்து வரிசையாக வாசித்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் வெறித்த பார்வைதான் பதில். கடைசியில் மஞ்சள் பைன் மரத்துக்கான சொல்லைச் சொல்லிக் கட்டிலின் சட்டத்தைத் தட்டிக் காட்டியபோதுதான் அந்த முகம் மலர்ந்தது. அவர் யானா மொழி பேசுகிறவர், அதில் யாஹி என்ற பிரிவைச் சேர்ந்தவர் என்பது அப்படித்தான் தெரியவந்தது. யாஹிகளில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? 1849-இல் தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக வெள்ளையர்கள் வந்தபோது யாஹிகள் சில நூறு பேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். சுரங்கத்தால் ஆறுகள் கலங்கி சால்மன் மீன் குறைந்தது. ஆடுமாடுகள் வந்து காட்டை மேய்ந்ததில் மான் குறைந்தது. பசித்தவர்கள் மாட்டைத் திருடினார்கள், பதிலுக்கு வெள்ளையர்கள் ஆளைக் கொன்றார்கள். 1860களில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் படுகொலைகள். 1871 வாக்கில் என்று பொதுவாகச் சொல்லப்படும் கிங்ஸ்லி குகைச் சம்பவத்தில் மட்டும் சுமார் முப்பது பேர் சாகடிக்கப்பட்டார்கள். அங்கே சுட்டவர்களில் ஒருவர், பெரிய துப்பாக்கி குழந்தைகளை மிகவும் சிதைத்துவிடுகிறது என்று சொல்லி ரிவால்வருக்கு மாறினாராம். இதை மறைக்கக்கூட யாரும் முயலவில்லை, சாதாரணமாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

தப்பித்த ஒரு சிறு கூட்டம் மில் கிரீக், டியர் கிரீக் பள்ளத்தாக்குகளில் ஏறக்குறைய நாற்பது வருடம் ஒளிந்து வாழ்ந்தது. இஷி அதில்தான் வளர்ந்தார். இங்கே வில் என்பதைப் பாரம்பரியம், பெருமை என்றெல்லாம் பார்த்தால் விஷயம் பிடிபடாது. துப்பாக்கி சத்தம் போடும், சத்தம் கேட்டால் ஆள் வரும், ஆள் வந்தால் சாவு. அம்பு சத்தம் போடாது. தவறவிட்ட ஒவ்வொரு மானும் அத்தனை பேரின் பட்டினி. அவர் வில்வித்தையில் தேர்ந்தது அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில்.

1908 நவம்பரில் மின்சாரக் கம்பெனி ஒன்றின் சர்வே ஆட்கள் தற்செயலாக அவர்கள் ஒளிந்திருந்த இடத்தில் இடறினார்கள். நடக்க முடியாத ஒரு கிழவியைத் தவிர மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அந்தக் கிழவி இஷியின் தாயார். அவரைத் தொடவில்லை, ஆனால் வில், அம்பு, தோல் போர்வை, பாத்திரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில் இப்படி ஒரு 'சுவனிர்' சேகரிப்பு! தாயார் சீக்கிரமே இறந்தார். அதற்குப் பின் ஏறத்தாழ மூன்று வருடம் கழித்துத்தான் அந்த இறைச்சிக்கூடம்.

சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக மியூசியத்துக்குள்ளேயே இஷிக்கு அறை கொடுத்தார்கள். பேராசிரியர் ஆல்ஃபிரட் குரோபர் பொறுப்பு எடுத்துக்கொண்டார். யாஹிகள் தங்கள் பெயரைத் தாங்களே அந்நியரிடம் சொல்ல மாட்டார்கள் என்பதால், 'மனிதன்' என்று பொருள்படும் யானா சொல்லையே பெயராக வைத்தார் குரோபர். உண்மைப் பெயர் கடைசி வரை யாருக்கும் தெரியாது. மாதம் 25 டாலர் சம்பளத்தில் மியூசியத்தைச் சுத்தம் செய்யும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்கள் முன் உட்கார்ந்து அம்புமுனை செதுக்கிக் காட்டுவார். முதல் ஆறு மாதத்தில் சுமார் 24,000 பேர் வந்து பார்த்தார்களாம். சம்பளம், மரியாதை, நட்பு எல்லாம் இருந்தன என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரு மனிதரைக் கண்காட்சிப் பொருளாக வைத்தது வைத்ததுதான்.

மியூசியத்துக்குப் பக்கத்துக் கட்டடம் மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்த டாக்டர் சாக்ஸ்டன் போப் 1912-இல் இஷிக்கு அறிமுகமானார். வைத்தியம் பார்க்க வந்தவர் சீடனாகிவிட்டார். இருவருமாக வில் செய்தார்கள், அம்பு செய்தார்கள், காட்டுக்குப் போனார்கள். பார்த்ததையும் கற்றதையும் எல்லாம் ஒரு டாக்டருக்கே உரிய கவனத்தோடு போப் குறித்து வைத்தார். 1918-இல் 'யாஹி வில்வித்தை' என்ற ஆய்வு நூலாக அது வெளியானது.

இஷியின் வில் சின்னது. மலை ஜூனிப்பர் மரத்தில் செய்தது, மூன்றரை அடி நீளம் இருக்கும். முதுகுப் பக்கம் மானின் தசைநாரைப் பசை வைத்து ஒட்டுவார். அந்தப் பசை சால்மன் தோலைக் காய்ச்சி எடுத்தது. இழுவிசை நாற்பது, நாற்பத்தைந்து பவுண்டு. அம்புத்தண்டு ஹேசல் குச்சி. அதைத் தணலில் காட்டி நேராக்குவார். முனைக்கு அப்சிடியன் எனும் எரிமலைக் கண்ணாடி, நகரத்துக்கு வந்தபின் சாதாரண பாட்டில் கண்ணாடியும்! மான்கொம்பின் நுனியால் அழுத்தி அழுத்திச் செதில் செதிலாக உடைத்து அதைச் செய்வார். எஃகு முனையையும் அப்சிடியன் முனையையும் போப் பின்னால் சோதித்துப் பார்த்தார். மான்தோலைத் துளைத்து ஆழமாக இறங்கியது அப்சிடியன்தான்.

நாணை இழுப்பதற்கு இஷி பயன்படுத்தியது கட்டைவிரல். மங்கோலியர்களின் முறைக்கு நெருங்கியது இது. (ஏகலைவன் கதையில் துரோணர் ஏன் குறிப்பாகக் கட்டைவிரலைக் கேட்டார் என்று யோசித்திருக்கிறீர்களா? கட்டைவிரலால் நாண் இழுப்பவனுக்கு அது போனால் எல்லாம் போச்சு.) வில்லை உடம்புக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்து, குத்துக்காலிட்டபடியே எய்வார். புதருக்குள் ஒளிந்து எய்கிறவனுக்கு அதுதான் வசதி. வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும், வில்லை நிமிர்த்திச் சாத்தி வைக்கக்கூடாது, குழந்தைகள் அதைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். நாணைக் கழற்றுவதற்கான காரணம் எளிது. சதா வளைந்தே இருக்கும் மரம் விசையை இழந்துவிடும்.

ஆனால் போப்புக்கு இஷி கொடுத்த பெரிய பாடம் வில்லைப் பற்றியதே அல்ல. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மரவில்லிலிருந்து புறப்படும் அம்பின் வேகம் விநாடிக்கு சுமார் 150 அடி. ஒலியின் வேகமோ விநாடிக்கு சுமார் 1,100 அடி. 50 கெஜத்தில், அதாவது 150 அடியில், ஒரு மான் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்பு போய்ச்சேர ஒரு முழு விநாடி ஆகும். நாணின் 'டொங்' சத்தமோ அதில் ஏழில் ஒரு பங்கு நேரத்திலேயே மானின் காதுக்குப் போய்விடும். மிச்ச நேரம் முழுவதும் மானுக்குச் சொந்தம். துள்ளித் தாவ அது போதும். அதே மான் 20 கெஜத்தில் நின்றால் அம்புக்கு ஏறக்குறைய 0.4 விநாடி போதும். ஆக, குறி பார்ப்பதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கிட்டே போகத் தெரியாதவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவான். மைதானத்தில் வட்டப்பலகையைக் குறிபார்க்கும் போட்டியில் இஷி சுமார் ரகம்தான். காட்டில் கதையே வேறு.

வேட்டைக்கு முதல் நாளிலிருந்தே புகையிலை கிடையாது, மீன் கிடையாது. காலையில் குளியல், வாசனை இலைகளைக் கசக்கி உடம்பெல்லாம் பூச்சு, வெறும் வயிறு. பார்ப்பதற்குச் சடங்கு போலத் தெரியும், உள்ளே இருப்பது மோப்பக் கணக்கு. பிறகு காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அதற்கு எதிராக நகர்வார். மரத்தில் ஜே பறவை கத்தினால் நின்றுவிடுவார், அது 'ஆள் வருகிறான்' என்று காட்டுக்கே தண்டோரா போடுகிறது என்பது அவர் கணிப்பு. விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோல ஒலி எழுப்பினால், வலியில் கத்தும் முயல் என்று நினைத்து மற்ற முயல்கள் வரும், சிலசமயம் காட்டுப்பூனையும் வரும். இலையை மடித்து உதட்டுக்கு நடுவில் வைத்து உறிஞ்சி மான்குட்டியின் குரலை எழுப்புவார், தாய்மான் தேடி வரும். பதப்படுத்திய மான் தலையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு புதரின் பின்னாலிருந்து மெல்ல ஆட்டுவார், ஆர்வம் தாங்காமல் இன்னொரு மான் கிட்டே வரும். அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1914 மே மாதம் குரோபர், வாட்டர்மேன், போப், போப்பின் மகன் எல்லோரும் இஷியை அழைத்துக்கொண்டு டியர் கிரீக்குக்கே போனார்கள். போக இஷிக்கு முதலில் மனமில்லை. போனபின் ஒவ்வொரு ஓடையையும் பாறையையும் பெயர் சொல்லிக் காட்டினார்.

இஷியைப் பார்த்த டாக்டர் என்பதோடு போப் நின்றிருந்தால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. தனக்கு ஒத்துவராததை விட்டுவிடவும் அவர் தயங்கவில்லை. வில் கம்ப்டன் என்ற நண்பர் மூலம் ஆங்கிலேயரின் யூ மர நெடுவில்லுக்கு மாறினார். கட்டைவிரல் போய் மூன்று விரல் இழுப்பு வந்தது. 75 பவுண்டு வில்லை இழுக்கப் பழகினார். இதைப் பார்த்து, 'வில் ரொம்ப அதிகம்' என்கிற மாதிரி இஷி கிண்டல் செய்வாராம். அம்பு குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை, ரத்தக்குழாயை அறுத்து ரத்தப்போக்கால்தான் கொல்கிறது என்பது அறுவை சிகிச்சை நிபுணருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் அகலமான, சவரக்கத்தி போல் தீட்டிய முனை. ஆனால் காற்று பார்ப்பது, காத்திருப்பது, கிட்டே போவது ஆகிய மூன்றும் இஷியிடம் கற்றதுதான்.

1916 மார்ச் 25-ஆம் தேதி இஷி காசநோயில் இறந்தார். கடைசி நாட்களில் வைத்தியம் பார்த்தவரும் போப்தான். சவப்பெட்டிக்குள் ஒரு வில், ஐந்து அம்புகள், ஒரு கூடை அக்கார்ன் மாவு, கொஞ்சம் புகையிலை, அப்சிடியன் துண்டுகள் வைத்துத் தகனம் செய்தார்கள்.

அதற்குப் பிறகு போப்பும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கும் செய்தவை வேறு ரகம். 1920-இல் கலிபோர்னியா அறிவியல் அகாடமிக்காக அனுமதி வாங்கி யெல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடிகளை அம்பால் கொன்றார்கள். 1925-இல் ஆப்பிரிக்கா போய் சிங்கத்தின்மேல் அம்பு விட்டார்கள், துணைக்குத் துப்பாக்கியோடு ஸ்டூவர்ட் எட்வர்ட் வைட். இஷி வயிற்றுக்காகச் செய்ததை இவர்கள் புகழுக்காகச் செய்தார்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் 1923-இல் போப் எழுதிய 'வில், அம்பு வேட்டை' புத்தகம் இல்லையென்றால் யாஹி வேட்டை முறையில் ஒரு பகுதி சுவடின்றிப் போயிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போப் 1926-இல், ஐம்பது வயதில் இறந்தார்.

விதை ஊன்றியாகிவிட்டது. யங்கின் அலாஸ்கா வேட்டைப் படத்தை டெட்ராய்டில் பார்த்த ஃப்ரெட் பேர் என்ற இளைஞர் 1933-இல் வில் தயாரிக்கும் கம்பெனி தொடங்கினார். 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் இரண்டு கவுண்டிகளில் வில் வேட்டைக்கென்றே தனி மான் சீசன் திறந்தது. 1961-இல் 'போப் அண்ட் யங் கிளப்' உருவானது. இஷியின் பெயர் அதில் இல்லை! 1969-இல் மிசௌரியைச் சேர்ந்த ஆலன் என்பவர் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். முழுதாக இழுத்தபின் கையில் தாங்கும் பாரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். யாரும் சீக்கிரம் பழகிவிடலாம். மரவில்காரர்கள் சிறுபான்மை ஆனது அப்போதுதான். இவர்கள் இன்னமும் 20 கெஜத்துக்குள் போகப் பாடுபடுகிறார்கள்.

இஷியைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. இறந்தவரின் உடலை அறுக்கக்கூடாது என்பது அவருடைய நம்பிக்கை. குரோபர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். பிரேதப் பரிசோதனை வேண்டாம், அறிவியல் நாசமாய்ப் போகட்டும் என்று கோபமாகக் கடிதம் எழுதினார். கடிதம் வருவதற்குள் பரிசோதனை முடிந்து மூளை தனியாக எடுக்கப்பட்டுவிட்டது. போப்பும் இதற்கு உடன்பட்டவர்தான், வில்லைப் பெட்டிக்குள் வைத்த அதே போப். அதைவிட விசித்திரம், கோபப்பட்ட குரோபரே 1917-இல் அந்த மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள். குரோபரின் மனைவி தியோடோரா 1961-இல் எழுதிய புகழ்பெற்ற இஷி வரலாற்றிலும் (எழுத்தாளர் உர்சுலா லெ குவின் இவர்களுடைய மகள்) அது எங்கே இருக்கிறது என்ற தகவல் கிடையாது.

கலிபோர்னியப் பழங்குடியினர் அஸ்தியைத் திரும்பக் கேட்டுப் போராடத் தொடங்கியபின், ஆரின் ஸ்டார்ன் என்ற மானிடவியலாளர் தேடியதில் 1999-இல் உண்மை வெளிவந்தது. 2000 ஆகஸ்டில் ரெடிங் ரான்சேரியா, பிட் ரிவர் பழங்குடியினரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. பெர்க்லியில் குரோபர் பெயரில் இருந்த கட்டடத்திலிருந்து அவர் பெயரை 2021-இல் பல்கலைக்கழகமே எடுத்துவிட்டது. இஷியைத் திரும்பப் பெற்றவர்கள் அவருடைய சொந்த மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று வெளியே சொல்லவில்லை.